இதயத் துடிப்பைச் சீராக்க ஷாக் வைக்கும்போது கொடுக்கும் மயக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவின் தமிழ் பேசும் ஊர்களிலிருந்து இதயக் கோளாறுக்காகக் கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் பாலக்காடு, திருச்சூர் போகிறார்கள். மீதிப் பேர் எல்லை தாண்டிக் கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ போகிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் வார்டு வராந்தாவில் கேட்கிற சந்தேகங்கள் ஒன்றுதான். நான் மயக்க மருந்துப் பிரிவில் வேலை செய்யும் நர்ஸ். ஊரில் கல்யாண வீடு, காதுகுத்து எங்கே போனாலும் யாராவது ஓரமாகக் கூப்பிட்டு இதைத்தான் கேட்கிறார்கள்.

கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்களைப் பார்க்கிற டாக்டர்தான் முடிவு செய்ய முடியும். அவரிடம் என்ன கேட்கலாம், எதை மறைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ள இதைப் படியுங்கள்.

"நெஞ்சுக்குக் கரண்ட் வெச்சுத் துடிப்பைச் சரி பண்ணணும்னு சொல்லிட்டாங்க. அப்படி என்னதான் பண்ணுவாங்க?"

இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் கன்னாபின்னாவென்று துடித்துக்கொண்டிருப்பதற்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் கெட்டுப்போன வால்வு, ரத்தக் கொதிப்பு, தைராய்டு, குடி, வயசு என்று காரணங்கள் பல. மாத்திரையில் அடங்காதபோது, அல்லது மாத்திரைக்குக் காத்திருக்க நேரமில்லாதபோது, நெஞ்சில் ஒட்டிய இரண்டு பேட் வழியாக மின்சாரத்தைச் செலுத்துவார்கள். பெரும்பாலும் 120 முதல் 200 ஜூல் (ஷாக்கின் சக்தியை அளக்கும் அலகு) வரை. அது பாயும் நேரம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குதான். தாறுமாறாக ஓடிய துடிப்பெல்லாம் ஒரே சமயத்தில் அடங்கிவிடும். அப்புறம் இயல்பாகத் துடிப்பைத் தொடங்கி வைக்கும் இடம் மறுபடி வேலையை எடுத்துக்கொள்ளும்.

உள்ளே கூட்டிப்போய் வெளியே கொண்டுவர ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதில் ஷாக் கண் இமைக்கும் நேரம். மற்றதெல்லாம் மயக்கத்துக்கான ஏற்பாடும், தெளிவதற்கான காத்திருப்பும்தான். எல்லாருக்கும் பயம் ஷாக் மேல் இருக்கிறது. ஆனால் நீங்கள் வீட்டிலிருந்தே தயாராகி வர வேண்டியது மயக்கத்துக்கு.

"சினிமாவுல இஸ்திரிப்பெட்டி மாதிரி ரெண்டை வெச்சு ஆளையே தூக்கிப் போடுவாங்களே, அதுவா இது?"

மெஷின் ஒன்றுதான், வேலை வேறு. சினிமாவில் காட்டுவது துடிப்பே நின்றுபோன ஆளுக்கு. அவருக்கு நினைவே இருக்காது, மயக்க மருந்தும் தேவையில்லை. நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிற ஆள். அதனால்தான் மயக்கம்.

இன்னொரு முக்கியமான வித்தியாசமும் உண்டு. உங்களுக்குக் கொடுக்கிற ஷாக் இஷ்டப்பட்ட நேரத்தில் பாயக் கூடாது. ஈசிஜி கோட்டில் உயரமாக எழும் முனையைப் பார்த்து, சரியாக அந்த நொடியில் பாய வேண்டும். கொஞ்சம் தள்ளி, இதயம் இளைப்பாறும் நேரத்தில் பட்டால் இருப்பதைவிட மோசமான துடிப்பு கிளம்பிவிடும். மெஷினில் அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தியதும் திரையில் ஒவ்வொரு முனைக்கு மேலும் சின்னதாக ஒரு குறி விழும். குறி சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் சார்ஜ் ஏற்றுவார்கள். இந்த முறையைப் பிரபலமாக்கியவர் பெர்னார்டு லவுன் என்ற அமெரிக்க இதய மருத்துவர், 1962-ல். பின்னாளில் அணு ஆயுதத்துக்கு எதிராக டாக்டர்களைத் திரட்டியவரும் இவர்தான். அந்த அமைப்புக்கு 1985-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

"ஒரு செகண்டுதானே, பல்லைக் கடிச்சுட்டுத் தாங்கிக்க மாட்டோமா?"

தாங்கிக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் இன்னும் ஷாக் வாங்காதவர்கள். நெஞ்சு, தோள், முதுகுத் தசைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் இறுகும். முழு நினைவில் அதை வாங்கியவர்கள் பிறகு அந்த அறைப் பக்கமே வர மறுக்கிறார்கள். இந்த நோய் திரும்ப வரக்கூடியது, இன்னொரு தடவை ஷாக் தேவைப்படலாம். முதல் தடவை கிடைத்த பயம் அடுத்த தடவை சிகிச்சையையே தடுத்துவிடும். அதோடு, பயமும் வலியும் இதயத்தை இன்னும் வேகமாக ஓட வைக்கும். வீரம் காட்ட இது இடமில்லை.

"மயக்கம்னா ஆபரேஷனுக்குக் குடுக்கற மாதிரியா? தொண்டையில குழாய் போடுவாங்களா?"

பொதுவாகக் குழாய் போடுவதில்லை. சில நிமிடங்களுக்கு மட்டும் ஆழமாகத் தூங்க வைப்பார்கள். மூச்சு நீங்களாகவே விடுவீர்கள், மேலே ஆக்ஸிஜன் மாஸ்க் இருக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்காத, இமையைத் தொட்டால் அசையாத அளவுக்குத் தூக்கம் வந்ததும் ஷாக் கொடுப்பார்கள். வயிற்றில் சாப்பாடு இருக்கும் அவசர நேரத்திலும், கர்ப்பிணிகளுக்கும், மூச்சுப் பாதையில் சிக்கல் இருப்பவர்களுக்கும் குழாய் தேவைப்படலாம். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

"என்ன மருந்து போடுவாங்க? பால் மாதிரி வெள்ளையா ஒண்ணு போட்டாங்கன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரே?"

அது ப்ரோப்போஃபால். இந்த வேலைக்கு அதிகம் பயன்படுவது இதுதான். கையில் போடும்போது நரம்பில் சுருக்கென்று எரியும், பயப்பட வேண்டாம். அரை நிமிடத்தில், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கழித்து, தூக்கம் வந்துவிடும். ஐந்து பத்து நிமிடத்தில் தானாகவே தெளியும். கெட்ட குணம் இரண்டு: ரத்த அழுத்தத்தை இறக்கும், மூச்சை மந்தமாக்கும். கண்டுபிடித்தவர் ஜான் கிளென். ஸ்காட்லாந்துக்காரர், படித்தது கால்நடை மருத்துவம். இந்த மருந்துக்காக 2018-ல் லாஸ்கர் விருது வாங்கினார். மாட்டு டாக்டரென்று யாரையும் இளக்காரமாகப் பேசாதீர்கள்.

இதய பலம் குறைந்தவர்களுக்கு, அழுத்தம் ஏற்கெனவே இறங்கி இருப்பவர்களுக்கு எட்டோமிடேட் என்ற மருந்தை எடுப்பார்கள். அது அழுத்தத்தை அவ்வளவாக இறக்காது. ஆனால் கைகால் வெடுக் வெடுக்கென்று துள்ளும், பிறகு குமட்டலாம். அந்தத் துள்ளலில் ஈசிஜி கோடும் ஆடுவதால் குறி சரியாக விழுகிறதா என்று கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கெட்டமின் நல்ல மருந்துதான், ஆனால் துடிப்பையும் அழுத்தத்தையும் ஏற்றும். அதனால் படபடவென்று ஓடும் இதயத்துக்கு அது முதல் தேர்வாக இருப்பதில்லை.

மிடாசோலம் மட்டும் போட்டுச் செய்கிற இடங்களும் உண்டு. வேலை செய்ய இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும், தெளியவும் நேரமாகும். நடந்ததை மறக்கடிப்பதில் கெட்டிக்கார மருந்து. அவசரப்பட்டுத் திரும்பத் திரும்ப ஏற்றினால் மொத்தமும் சேர்ந்து பின்னால் ஒரேயடியாக அமுக்கும். அதை முறிக்க ஃப்ளூமசெனில் என்ற மாற்று மருந்து இருக்கிறது. ஃபென்டனில் போன்ற வலி மருந்தைச் சேர்த்தால் மூச்சு இன்னும் குறையும். ப்ரோப்போஃபாலுக்கு முறிவு மருந்து கிடையாது. உடம்பே கரைத்துக்கொள்ளும் வரை மூச்சைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

"முட்டை ஒத்துக்காதவங்களுக்கு அந்த வெள்ளை மருந்து ஆகாதாமே?"

அந்த மருந்தில் சோயா எண்ணெயும் முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து எடுத்த லெசித்தின் என்ற கொழுப்பும் உண்டு. ஆனால் முட்டை ஒவ்வாமையை உண்டாக்குவது பெரும்பாலும் வெள்ளைக் கருவின் புரதம். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு இது எந்தத் தொந்தரவும் செய்வதில்லை. இருந்தாலும் சொல்லிவிடுங்கள். முட்டை சாப்பிட்டு மூச்சுத் திணறியவரா, வெறும் வயிற்று உப்புசமா என்று டாக்டர் கேட்பார். முன்பு ஏதாவது மயக்க மருந்தில் பிரச்சினை வந்திருந்தால் அதுதான் இதைவிட முக்கியம்.

"மயக்கம் தெளியாமலே போயிருச்சுன்னா? எங்கப்பாவுக்கு அந்தப் பயம்தாங்க."

தெளியாமல் போவது நாங்கள் பயப்படுகிற விஷயம் இல்லை. கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பது மூச்சையும் அழுத்தத்தையும்தான். தூக்கம் வந்ததும் தாடை தளர்ந்து நாக்கு பின்னால் சரியும். தலைமாட்டில் நிற்பவர் இரண்டு பக்கமும் காதுக்குக் கீழே தாடையில் விரல் கொடுத்து முன்னால் தூக்கிப் பிடிப்பார். பெரும்பாலும் அதிலேயே மூச்சு சரியாகிவிடும். பற்றாவிட்டால் மாஸ்க்கும், கையால் அமுக்குகிற ஆம்பு பேக் என்ற காற்றுப் பையும் வைத்துக் காற்று கொடுப்பார். விரல் கிளிப்பில் ஆக்ஸிஜன் அளவு, ஈசிஜி, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் எல்லாம் மானிட்டரில் ஓடும். வெளிவிடும் மூச்சை அளக்கிற கருவியும் இருந்தால் இன்னும் நல்லது. விரல் கிளிப் கூச்சல் போடுவதற்கு முன்பே மூச்சு நின்றதை அது காட்டிவிடும். உறிஞ்சும் குழாய், தொண்டைக் குழாய், அவசர மருந்துகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

ஷாக் கொடுப்பதற்குச் சற்று முன் ஆக்ஸிஜன் மாஸ்க்கை எடுத்துத் தள்ளி வைப்பார்கள். "எல்லாரும் விலகுங்க" என்று ஒருவர் சத்தமாகச் சொல்வார், கட்டிலைத் தொட்டுக்கொண்டு யாரும் நிற்க மாட்டார்கள். மாஸ்க்கை எடுப்பது, ஆக்ஸிஜன் சூழ்ந்த இடத்தில் ஒரு தீப்பொறி போதும் என்பதால்தான். கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு "மூச்சுக்குழாயைப் பிடுங்கிட்டாங்க" என்று அழுத உறவினர்கள் உண்டு. ஷாக் முடிந்ததும் மாஸ்க் திரும்ப முகத்துக்கு வந்துவிடும்.

"வெறும் வயிறுன்னாங்க. ஒரு டம்ளர் டீ குடிச்சா என்ன ஆயிரும்?"

பால் டீயா, கட்டன் சாயாவா? இதில்தான் விஷயமே இருக்கிறது. பொதுவான கணக்கு இதுதான்: இட்லி, கஞ்சி, பிரெட், பால், பால் டீ எல்லாம் 6 மணி நேரம் முன்போடு நிற்க வேண்டும். எண்ணெய்ப் பண்டம், பிரியாணி, பொரோட்டா, இறைச்சி என்றால் 8 மணி நேரம். தண்ணீரும், பால் சேர்க்காத கட்டனும் 2 மணி நேரம் முன்பு வரை பரவாயில்லை. பால் வயிற்றுக்குள் போனதும் திரிந்து கெட்டியாகிவிடும், அதனால் அது சாப்பாட்டுக் கணக்கு. உங்கள் ஆஸ்பத்திரி இதைவிடக் கறாராகச் சொன்னால் அவர்கள் சொன்னபடியே இருங்கள்.

மயக்கத்தில் தொண்டையின் காவல் தூங்கிவிடுகிறது. வயிற்றில் இருப்பது எதுக்களித்து மேலே வந்தால் இருமித் தள்ள முடியாமல் நுரையீரலுக்குள் இறங்கும். அந்த நிமோனியாவோடு ஒப்பிட்டால் ஷாக் ஒன்றுமே இல்லை. ஒரு பெரியவர் இப்படித்தான், "ஒண்ணும் சாப்பிடலை" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். வேட்டி மடிப்பில் தேங்காய்ச் சட்னிக் கறை. விசாரித்தால், "வெறும் வயித்துல மாத்திரை போடக் கூடாதுன்னு ரெண்டே இட்லி குடுத்தேன்" என்றார் அவர் சம்சாரம். அன்றைக்குத் தேதி தள்ளிப்போனது. சாப்பிட்டுவிட்டால் சொல்லிவிடுங்கள். திட்டு விழும், அவ்வளவுதான்.

"அன்னைக்குக் காலையில மாத்திரை எல்லாம் போடலாமா?"

ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். ஒரு வேளை விட்டுப்போயிருந்தாலும் ஷாக்குக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பிரஷர், துடிப்பு மாத்திரைகளை ஒரு வாய்த் தண்ணீரில் போடச் சொல்வது வழக்கம், எவை எவை என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதய பலவீனத்துக்கும் இதே மாத்திரையைக் கொடுப்பதால், "எனக்குச் சர்க்கரையே இல்லையே" என்று இருந்துவிடாதீர்கள். எடை குறைய வாரம் ஒருமுறை போடும் ஊசி இருந்தால் அதையும் சொல்லுங்கள். அது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், மேலே சொன்ன 6 மணி நேரக் கணக்கு பொய்த்துப் போகலாம்.

டிஜாக்சின் என்ற இதய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது உடம்பில் அளவு மீறி இருந்தாலோ, பொட்டாசியம் குறைந்திருந்தாலோ ஷாக் ஆபத்தாக முடியும். அதற்குத்தான் முதலில் ரத்தப் பரிசோதனை. மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். "வெள்ளையா, சின்னதா, வட்டமா" என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புரியாது.

"மூணு வாரம் ரத்தம் இளக்கற மாத்திரை சாப்பிட்டுட்டு வான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டு பஸ் மாறிப் போனேனுங்க!"

கோபம் நியாயம், அவர்கள் செய்ததும் சரி. மேல் அறை ஒழுங்காகச் சுருங்காவிட்டால், ஓட்டமில்லாத வாய்க்காலில் பாசி பிடிப்பதுபோல, அதன் மூலையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். துடிப்பைத் திடீரென்று சரிசெய்தால் அறை மறுபடி சுருங்க ஆரம்பிக்கும், கட்டி கழன்று மூளைக்குப் போகலாம். கைகால் விழுந்துவிடும். துடிப்பு கெட்டு 48 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, எப்போது ஆரம்பித்தது என்றே தெரியாவிட்டாலோ, குறைந்தது 3 வாரம் மாத்திரை. ஷாக்குக்குப் பிறகும் குறைந்தது 4 வாரம். வார்ஃபரின், அசிட்ரோம் என்ற பழைய மாத்திரைகள் என்றால், ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் டெஸ்ட் 2-க்கும் 3-க்கும் இடையில் நிலையாக நிற்க வேண்டும். நடுவில் ஒரு வாரம் இறங்கினாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து. இந்த மாத்திரைக்காகக் கீரையை அடியோடு நிறுத்த வேண்டாம், தினமும் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். வால்வு நன்றாகச் சுருங்கியவர்களும் உலோக வால்வு வைத்தவர்களும் "பக்கத்து வீட்டுக்காரர் டெஸ்டே இல்லாத புது மாத்திரை சாப்பிடறார்" என்று மாற்றிக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு இன்றும் பழைய மாத்திரைதான்.

காத்திருக்க முடியாவிட்டால் வாய் வழியாக உணவுக்குழாயில் ஒரு ஸ்கேன் குழாயை இறக்கி, கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் அன்றைக்கே ஷாக் வைத்துவிடலாம். அதற்கும் தொண்டையை மரக்க வைத்துக் கொஞ்சம் மயக்கம் கொடுப்பதால் வெறும் வயிற்று விதி அப்படியே பொருந்தும். தொண்டை மரத்திருக்கும்வரை தண்ணீர்கூட கூடாது, புரையேறும்.

"குடிக்கிற பழக்கத்தையெல்லாம் சொல்லணுமா? பக்கத்துல வீட்டுக்காரி நிக்கறாளே."

சொல்ல வேண்டும். அவர் நிற்பது சங்கடமென்றால் நர்ஸிடம் "தனியாப் பேசணும்" என்று சொல்லுங்கள், ஏற்பாடு செய்வோம். நம் சித்தூர் பக்கம் கள்ளுக்குப் பேர்போன இடம், எல்லைக்கு அந்தப் பக்கம் கள்ளுக்குத் தடை. அங்கிருந்து இங்கே வந்து குடித்துவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று ஷாப்புக்காரர்களைக் கேட்டால் தெரியும். எங்களுக்கு இதில் ஆச்சரியமும் இல்லை, அறிவுரை சொல்ல நேரமும் இல்லை. கள்ளெல்லாம் குடியில் சேர்த்தியில்லை என்ற வாதம் மட்டும் வேண்டாம்.

நாள்தோறும் குடிப்பவருக்கு வழக்கமான அளவு மருந்து பற்றாமல் போகலாம், பாதி மயக்கத்தில் எழுந்து கைகால் உதறுவார். அன்றைக்குக் குடித்துவிட்டு வந்தவருக்கு நேர்மாறு, கொஞ்சம் மருந்திலேயே மூச்சு அமுங்கிவிடும். ஆஸ்பத்திரியில் சேர்ந்ததால் திடீரென்று குடியை நிறுத்தியவருக்கு இரண்டாம் நாள் நடுக்கமும் குழப்பமும் வரும். அதை ஷாக்கின் விளைவென்று வீட்டார் தப்பாக நினைப்பார்கள். துடிப்பைக் கெடுப்பதில் குடிக்கே பங்கு உண்டு. ஆக, இந்தக் கேள்வி உங்கள் நடத்தையைப் பற்றியது அல்ல, மருந்தின் அளவைப் பற்றியது. தூக்க மாத்திரை, கஞ்சா பழக்கம் இருந்தாலும் இதே பதில்தான்.

"குறட்டை விடுவாரான்னு கேட்டாங்க. இதயத்துக்கும் குறட்டைக்கும் என்னங்க சம்பந்தம்?"

சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திடுக்கென்று விழிப்பவர்களுக்கு மயக்கத்திலும் அதே இடத்தில் மூச்சு அடைபடும். முன்பே தெரிந்தால் தலையணை வைக்கும் விதத்திலிருந்து மருந்தின் அளவு வரை எல்லாவற்றையும் மாற்றிக்கொள்வோம். இதைப் பற்றி நோயாளியைக் கேட்டுப் பயனில்லை, பக்கத்தில் படுப்பவரைத்தான் கேட்க வேண்டும். இரவில் மூச்சுக்கு மெஷின் வைத்துத் தூங்குகிறவர் அதைக் கையோடு கொண்டுவரட்டும். இந்த மூச்சுத்தடை நோயைக் கவனிக்காமல் விட்டவர்களுக்குத் துடிப்புக் கோளாறு திரும்ப வரும் வாய்ப்பும் அதிகம்.

பல்செட் இருந்தால் கழற்றிக் கொடுங்கள். ஆடும் பல் இருந்தால் காட்டுங்கள். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால், பல் கழன்று மூச்சுக்குழாய்க்குள் போன பிறகு தேட வேண்டியிருக்கும்.

"படிவம் மலையாளத்துல இருக்கு. எழுத்து தெரியாது, கையெழுத்து மட்டும் போட்டா போதுமா?"

போதாது. தமிழில் சொல்லுங்கள் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. பாலக்காட்டில் தமிழ் தெரிந்த ஆள் இல்லாத வார்டு அபூர்வம். ஷாக்குக்கும் மயக்கத்துக்கும் தனித்தனியாகக் கையெழுத்து கேட்கலாம், இரண்டையும் விளக்கச் சொல்லுங்கள். காப்பீடு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கேரளத்தின் காருண்யா அட்டையும் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் வேறு வேறு அரசுகளுடையவை. எந்த அட்டையை எந்த ஆஸ்பத்திரியில் ஏற்பார்கள் என்று போகும் முன்பே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

"அம்மாவுக்கு 80 வயசு. மயக்கத்தைத் தாங்குவாங்களா?"

வயது மட்டும் தடையில்லை. மருந்தின் அளவைக் குறைத்து, மெதுவாகக் கொடுக்க வேண்டும். வயதானவர்களுக்கும் இதய பலம் குறைந்தவர்களுக்கும் ரத்த ஓட்டம் மந்தம் என்பதால் கையில் போட்ட மருந்து மூளைக்குப் போய்ச்சேர நேரமாகும். "இன்னும் தூங்கலையே" என்று அவசரப்பட்டு அடுத்த டோஸ் ஏற்றினால் இரண்டும் ஒன்றாக வேலை செய்து அழுத்தம் தரைமட்டமாகும். அனுபவமுள்ளவர்கள் இந்த இடத்தில் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் நிற்பதுபோலத் தெரியும்.

தெளிந்த பிறகு சில மணி நேரம் இடம் தெரியாமல் பேசலாம். கண்ணாடி, காது மெஷின் இரண்டையும் உடனே கொடுத்து, தெரிந்த முகம் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் சரியாகும்.

"பேஸ்மேக்கர் வெச்சிருக்கேன். எனக்கும் ஷாக் வெக்கலாமா?"

வைக்கலாம். பேட்களை அந்தக் கருவிக்கு நேர் மேலே ஒட்டாமல் தள்ளி ஒட்டுவார்கள், முடிந்ததும் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பார்கள். கருவியோடு கொடுத்த அட்டையை எடுத்து வாருங்கள்.

"மருமக முழுகாம இருக்கா. குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதா?"

கர்ப்ப காலத்தின் எந்தக் கட்டத்திலும் தேவைப்பட்டால் இதைச் செய்யலாம். குழந்தைக்குப் போய்ச்சேரும் மின்சாரம் மிகக் குறைவு. தாயின் ரத்த ஓட்டம் கெடுவதுதான் குழந்தைக்குப் பெரிய ஆபத்து. வயிறு பெரிதானவர்களை இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைப்பார்கள், குழந்தையின் துடிப்பையும் கவனிப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு எதுக்களிப்பு அதிகம் என்பதால் குழாய் போட்டே மயக்கம் கொடுக்கலாம்.

"எங்க சித்தப்பாவுக்குச் சாப்பிட்ட அரை மணி நேரத்துலயே ஷாக் வெச்சாங்க. உங்க 6 மணி நேரம் எங்க போச்சு?"

உங்கள் சித்தப்பாவுக்கு அழுத்தம் இறங்கி, வியர்த்து, நினைவு தப்பிக்கொண்டிருந்திருக்கும். அந்த நிலையில் காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. எதுக்களிக்கும் அபாயம் இருந்தாலும் ஷாக்தான் முதலில். 3 வார மாத்திரைக் கணக்கும் அப்போது பார்க்க முடியாது, உடனே உறைவைத் தடுக்கும் ஊசியைப் போட்டுவிட்டுச் செய்வார்கள். மயக்கமும் மிகக் குறைவாகத்தான் கொடுப்பார்கள், அழுத்தம் ஏற்கெனவே கீழே இருக்கிறதே. சில சமயம் அதற்கும் நேரமிருக்காது. முன்கூட்டியே தேதி குறித்து வருகிறவர் இந்தக் கதையைச் சொல்லி டீ குடிக்க முடியாது.

"ஷாக் வெக்கும்போது அவர் கத்தினது வெளிய வரைக்கும் கேட்டுச்சு. மயக்கம் பத்தலையா?"

நெஞ்சுத் தசைகள் சட்டென்று இறுகும்போது உள்ளே இருக்கும் காற்று குரல்வளை வழியாகப் பிதுங்கி வரும். முனகலாகவோ கத்தலாகவோ கேட்கும், கைகளும் எம்பும். நல்ல தூக்கத்தில் இருப்பவருக்கும் இது நடக்கும். தெளிந்ததும் கேட்டுப் பாருங்கள், "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

ஆனால் ஒருவர் "அடிச்சது தெரிஞ்சுது, வலிச்சுது" என்று தெளிவாகச் சொன்னால், அதை மனப்பிரமை என்று தள்ளக் கூடாது. டாக்டரிடம் சொல்லுங்கள், கேஸ் தாளில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை மருந்தையோ அளவையோ மாற்ற அது உதவும்.

"மயக்க டாக்டர் வரலை, இதய டாக்டரே மருந்து போட்டுட்டார். இது சரிங்களா?"

இடத்துக்கு இடம் வழக்கம் மாறும். பயிற்சி பெற்ற நர்ஸை வைத்துக்கொண்டு இதய டாக்டரே நடத்துவது பல நாடுகளில் நடக்கிறது, பாதுகாப்பாகவும் நடக்கிறது. என்னைக் கேட்டால், ஆளின் பட்டத்தைவிட முக்கியம் ஒன்று உண்டு: ஷாக் பொத்தானை அழுத்துகிறவர் ஒருவர், மூச்சைப் பார்க்கிறவர் இன்னொருவர் என்று இருக்க வேண்டும். இரண்டாவது ஆளுக்கு அந்த நேரத்தில் வேறெந்த வேலையும் இருக்கக் கூடாது, மூச்சு நின்றால் கொடுக்கத் தெரிந்திருக்கவும் வேண்டும். "மயக்கத்தின்போது மூச்சை யார் பார்த்துக்கொள்வார்?" என்று கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். பருமனானவர், குறட்டைக்காரர், இதய பலம் மிகக் குறைந்தவர், முன்பு மயக்கத்தில் தொந்தரவு வந்தவர் என்றால் மயக்க மருத்துவர் வந்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பேன்.

"மூணு தடவை ஷாக் வெச்சாங்களாம். தப்பாப் பண்ணிட்டாங்களா?"

இல்லை. முதல் முறையில் மாறாவிட்டால் ஷாக்கின் அளவைக் கூட்டியோ, பேட்களை நெஞ்சிலும் முதுகிலுமாக மாற்றி ஒட்டியோ மறுபடி முயல்வார்கள். நடுவில் மயக்கம் தெளிகிறதென்றால் கொஞ்சம் மருந்து சேர்ப்பார்கள். பல மெஷின்களில் ஒவ்வொரு ஷாக்குக்குப் பிறகும் அந்த முனைக்குறிப் பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும். பேட் ஒட்டிய இடத்தில் தோல் சிவந்து வெயிலில் காய்ந்ததுபோல் எரியலாம், சில நாளில் போய்விடும். நெஞ்சில் முடி அடர்த்தியாக இருந்தால் முன்பே மழிப்பதும் இதற்காகத்தான்.

"சாயங்காலம் நானே பைக் ஓட்டிட்டு வந்துடலாம்ல?"

கூடாது. நன்றாகத் தெளிந்ததுபோல் இருக்கும், பேச்சும் சரியாக இருக்கும், ஆனால் நிதானமும் கைவேகமும் திரும்பியிருக்காது. 24 மணி நேரத்துக்கு வண்டி, டிராக்டர், தென்னை மரம், மோட்டார் பம்பு எதுவும் வேண்டாம். பத்திர ஆபீஸ் கையெழுத்து, நிலம் பேசி முடிப்பது, சீட்டுப் பணக் கணக்கு எல்லாம் மறுநாளுக்கு மேல். அன்றைக்கு இரவு குடியும் தூக்க மாத்திரையும் ஆகாது. கூட ஒரு பெரிய ஆள் கட்டாயம் வர வேண்டும். பத்தாவது படிக்கிற பையனை அனுப்பினால் நாங்கள் டிஸ்சார்ஜ் செய்ய யோசிப்போம்.

"ஒரு தடவை வெச்சா ஜென்மத்துக்கும் வராதுதானே?"

அப்படி யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்த நேரத்துக்குப் பத்தில் ஒன்பது பேருக்குச் சரியாகிவிடும். ஒரு வருடத்துக்குள் பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது. வால்வு, தைராய்டு, குடி, குறட்டை, எடை என்று காரணத்தைக் கவனித்தால் வாய்ப்பு குறையும். துடிப்பு சரியாகிவிட்டதே என்று ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்துவதுதான் நான் பார்க்கும் பெரிய தப்பு. 4 வாரம் எல்லாருக்கும் உண்டு. அதற்கு மேல் எவ்வளவு காலம் என்பது வயது, சர்க்கரை, பிரஷர், வால்வு ஆகியவற்றைப் பொறுத்தது. சிலருக்கு ஆயுசுக்கும்.

"வீட்டுக்கு வந்தப்புறம் எதுக்குப் பயப்படணும்?"

தோல் எரிச்சல், தசைவலி, அன்றைய அசதி எல்லாம் பெரிதில்லை. வாய் ஒரு பக்கம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை தூக்க வராவிட்டாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. மாத்திரைக் கணக்கில் சொன்ன அந்தக் கட்டி மூளைக்குப் போயிருக்கலாம். மயங்கி விழுவது, மூச்சுத் திணறல், அடங்காத நெஞ்சுவலி, காய்ச்சலோடு இருமல், கறுப்பாக மலம் போவது இவற்றுக்கும் உடனே ஆஸ்பத்திரிதான்.

108 இரண்டு மாநிலத்திலும் வேலை செய்யும். கூப்பிடும்போது ஊர்ப் பெயரோடு பாலக்காடு மாவட்டம், கேரளா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தையோ கோயிலையோ அடையாளம் சொல்லுங்கள். மீனாட்சிபுரம் என்று மட்டும் சொன்னால் எந்த மீனாட்சிபுரம் என்று அவர்கள் திருப்பிக் கேட்பதிலேயே நேரம் போய்விடும்.